கெட்டரும் செட்டரும்: ஓசையற்ற பிழைகள் குறித்த ஒரு திறனாய்வு

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு பொருளின் பண்பைப் படிக்கும்போது தானே இயங்கும் செயற்கூறு கெட்டர் எனப்படும். பண்புக்கு மதிப்பிருத்தும்போது இயங்குவது செட்டர். அம்மொழியின் தர வரையறையான எக்மாஸ்கிரிப்டின், 2009-ல் வெளியான ஐந்தாம் பதிப்பில் தரப்படுத்தப்பட்ட இவை, 2015-ல் கிளாஸ் எனப்படும் இனக்குழு மொழியில் சேர்ந்தபோது அதற்குள்ளும் இடம்பெற்றன.

ஒரு விதியை ஒரே இடத்தில் நிறுத்திக் காக்க இயல்வதே இம்முறையின் வலிமை. சரக்கு நிரப்பிய கன்டெய்னரின் மொத்த எடையைச் சரிபார்த்து அறிவித்த பின்னரே கப்பலில் ஏற்ற வேண்டும் என்னும் பன்னாட்டு விதி 2016 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பதால், சென்னைத் துறைமுகமோ எண்ணூர் காமராசர் துறைமுகமோ, எங்கு ஏறும் கன்டெய்னருக்கும் எடைப் பதிவு இன்றியமையாதது. அத்தகைய பதிவுக்கான இனக்குழுவில் எடையைச் சரிபார்க்கும் செட்டரை எழுதினால், சுழியத்துக்குக் குறைந்த எண் நிரலின் எப்பகுதியிலிருந்து வந்தாலும் ஏற்கப்படாது. கிலோகிராமில் சேமித்த எடையை டன்னில் காட்டும் பணியைக் கெட்டர் செய்யும்.

குறையோ, செயற்கூற்றின் அழைப்பு வெறும் பண்பைத் தொடுவதுபோலத் தோன்றுவதில் உள்ளது. எடைச் செட்டருக்குள் அதே எடைப் பண்புக்கே மதிப்பிருத்தினால், அது தன்னையே ஓயாமல் அழைத்து, அழைப்புகளைக் குறித்துவைக்கும் அடுக்கு நிரம்பி நிரல் நின்றுவிடும்; எக்மாஸ்கிரிப்டின் 2022-ஆம் ஆண்டுப் பதிப்பு வழங்கிய, ஹேஷ் குறியோடு தொடங்கும் தனிப்புலத்தில் மதிப்பைச் சேமிப்பதே இதற்குத் தீர்வு. கெட்டரின் பெயருக்குப் பின் அடைப்புக்குறியிட்டு அழைத்தால், கிடைத்த எண் செயற்கூறு அன்று எனும் பிழைச்செய்தி வரும்.

இவை உடனே வெளிப்படுவதால் திருத்துவது எளிது. ஓசையின்றி நிகழ்பவையே கேடு விளைவிப்பவை. குளிர்பதனக் கன்டெய்னருக்கெனத் தருவித்த இனக்குழுவில் செட்டரை மட்டும் புதிதாக எழுதினால், அடிப்படை இனக்குழுவின் கெட்டர் மறைக்கப்பட்டு, எடையைப் படிக்கும்போதெல்லாம் மதிப்பில்லை என்னும் பொருள்படும் அன்டிஃபைன்ட் என்பதே கிடைக்கும். ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். அவ்வாறே, பொருளை ஜேசன் வடிவ உரையாக்கி அனுப்பும்போது, தனிப்புலமும் இனக்குழுவில் வரையறுத்த கெட்டரும் அதில் இடம்பெறாமையால், கட்டாயமான எடையே விடுபட்டுப்போகும். டூஜேசன் என்னும் பெயரில் ஒரு செயற்கூறு எழுதி, எவை செல்ல வேண்டும் என்பதை வெளிப்படையாகக் கூறுவது இதனைத் தடுக்கும்.

எனவே, மதிப்பை அப்படியே வாங்கிக் கொடுப்பதற்காக மட்டும் எழுதப்படும் கெட்டரும் செட்டரும் பயனற்ற சுமையே. காக்கத்தக்க விதியோ மாற்றத்தக்க அலகோ உள்ள இடத்தில் அவை தகும். நெடுநேரக் கணக்கீட்டையும் பிற தரவுகளை மாற்றும் வேலையையும், செய்வது இன்னதென்று பெயரிலேயே தெரியும் செயற்கூற்றில் வைப்பதே நிரலைப் பின்னர் படித்துத் திருத்துவோருக்கு நேர்மையான முறையாகும்.