காணி நிலமும் கலைக்கூடமும்

ஓசூரில் ஓவியர்கள் நாலு பேர் கூடினால் ஒரு பேச்சு தவறாமல் வருகிறது: "நமக்கும் ஒரு சோழமண்டலம் வேண்டும்." பெங்களூரு 40 கிலோமீட்டரில், பணம் புழங்கும் ஊர், கூட்டுறவாகச் சேர்ந்து இடம் வாங்கி நாமே காட்சிக்கூடம் நடத்தினால் என்ன என்கிறார்கள். நடத்த வேண்டியதுதான். ஆனால் பார்த்து எழுதும் முன்மாதிரி தப்பு.

சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தின் பெருமையை மறுப்பதற்கில்லை. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் குடியேறினார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசு கைகொடுத்தது. வயிற்றுக்குக் கைவினை, மனத்துக்கு ஓவியம் என்ற அந்த ஏற்பாடு பலரை வேலை தேடி அலையாமல் காத்தது. 2009இல் அங்கேயே அருங்காட்சியகமும் திறந்தார்கள். சாதனைதான்.

கோளாறு நிலத்தில் இருக்கிறது. கூட்டுறவின் முதல் கொள்கை, யாரும் விரும்பிச் சேரலாம் என்ற திறந்த கதவு. சோழமண்டலத்திலோ கூட்டு வாழ்க்கை என்பது நிலத்தில் ஊன்றியது. மனை உள்ளவர் ஊரார், மற்றவர் விருந்தாளி. ஓவியர் மறைந்தால் வீடு பிள்ளைகளுக்குப் போகும், தூரிகை போகுமா? பணிக்கரின் மகன் நந்தகோபால் பெரிய சிற்பியானார். அந்த அதிர்ஷ்டத்தை விதியாக எழுத முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை விலை ஏறிய பிறகு, கலைக்கல்லூரியை விட்டு வெளியே வரும் இருபத்து மூன்று வயதுப் பெண் எந்தப் பாத்திக் விற்று அங்கே குடியேறுவாள்? கலைஞர் கிராமமாகத் தொடங்கியது, கலைஞர்கள் வாழ்ந்த கிராமமாக ஆகிவிடுகிறது. தொடக்க உறுப்பினரான ஓவியர் எஸ்.ஜி. வாசுதேவே பின்னாளில் பெங்களூருக்குப் பெயர்ந்தார்.

அந்தப் பெங்களூரையே பாருங்கள். கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்ர சந்தையில் ஒரு நாள் சாலையே காட்சிக்கூடம். சந்தைக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனாலும் ஆண்டுதோறும் கதவு புதிதாகத் திறக்கிறது.

ஓசூருக்கு இந்தத் திறந்த கதவு இன்னும் பொருந்தும். சிப்காட் தொழிற்பேட்டை வந்த 1970களிலிருந்து வருகிறவர்களாலும் போகிறவர்களாலும் ஆன ஊர் இது. ஒப்பந்தம் முடிந்தால் மூட்டை கட்டும் தொழிலாளியின் கையிலும் ஓவியம் இருக்கும். "உள்ளூர்க் கலைஞர்" என்று நிலத்தை வைத்து அளந்தால் அவர் கணக்கிலேயே வரமாட்டார்.

பாகலூர் சாலை லாரிப் பட்டறையில் ஒருவரைப் பார்த்தேன். சுண்ணத்தில் தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு போட்டார். இடக்கையில் பிடித்த குச்சியின்மேல் வலது மணிக்கட்டை ஊன்றி, பென்சில் தொடாமல் நேராக எனாமலில் எழுத்து இறக்கினார். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கைக்கு வரும். பிளெக்ஸ் வந்த பிறகு கடைப்பலகை வேலை போய்விட்டது, மிஞ்சியது லாரி. காட்சிக்கூடம் பற்றிப் பேசும் நண்பர்களிடம் இவரைச் சொன்னேன். "அவர் ஆர்ட்டிஸ்ட் இல்லையே, பெயிண்டர்" என்றார்கள். கைவினை விற்று நிலைத்த ஊரை முன்மாதிரி என்கிறவர்கள் வாயில் இப்படி ஒரு பதில்!

நிலம் வேண்டாம். வாடகைக்கு ஒரு கூடம், மூன்றாண்டுக்கு மேல் யாரும் பதவியில் இருக்க முடியாத நிர்வாகக் குழு, விற்பனையில் கூடத்துக்கு ஒரு பங்கு, ஆண்டுதோறும் புது உறுப்பினர். இவ்வளவு போதும். முதல் உறுப்பினர் படிவத்தை அந்த லாரி எழுத்தாளரிடம் நீட்டுங்கள். அதற்கு மனம் வராவிட்டால் இடத்தை வாங்கி மனை பிரித்துக்கொள்ளுங்கள். கூட்டுறவு என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.