இரத்தத்தை ஆளும் ஜீன் என்று ஒன்று உண்டா?

'இந்த ஜீன்தான் சிவப்பணுவை உண்டாக்கும்படி கட்டளையிடுகிறது'; 'இரத்தத்தின் தலைமை ஜீன் கண்டுபிடிப்பு'. இத்தகைய வாசகங்களை நீங்கள் நூல்களிலும் செய்தித்தாள்களிலும் படித்திருப்பீர்கள். படிப்பதற்கு எளிது, நினைவிலும் எளிதில் தங்கிவிடுகிறது. ஆனால் அவற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் சோதனைகள் உண்மையில் எதை நிறுவின, எதை நிறுவவில்லை என்று நாம் சற்று நின்று பார்க்க வேண்டும்.

இது வெறும் சொல் பற்றிய வழக்கு அன்று. தலசீமியாவோ இரத்தப் புற்றுநோயோ கண்ட ஒருவர் வீட்டில் இருந்தால், 'தலைமை ஜீன் கிடைத்துவிட்டது' என்ற செய்தியை அக்குடும்பம் எப்படிப் படிக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் நல்ல இரத்தம் ஊறும் என்றே எண்ணத் தோன்றும்.

இரத்தம் பிறக்கும் இடம்

நம் உடலில் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் சிவப்பணுக்கள் புதிதாக உண்டாகின்றன. ஒவ்வொன்றின் ஆயுளும் சுமார் 120 நாட்கள். சிவப்பணு, வெள்ளணு, தட்டணு ஆகிய எல்லாவற்றுக்கும் மூலமாக எலும்பு மஜ்ஜையில் இருப்பவை இரத்தக் குருத்துச் செல்கள். செய்தித்தாள்கள் 'ஸ்டெம் செல்' என்று எழுதுவது இத்தகைய செல்களைத்தான்.

அந்தக் குருத்துச் செல்கள் எங்கிருந்து வந்தன? கருவின் முதல் இரத்த செல்கள் மஞ்சட்கருப் பையில் தோன்றுகின்றன. வாழ்நாள் முழுவதும் இரத்தம் தரப்போகும் குருத்துச் செல்களோ, சில நாட்கள் கழித்து, பெரும்பாலும் பெருந்தமனியின் உட்சுவரில் பிறக்கின்றன. பின்னர் அவை கல்லீரலில் பெருகி, கடைசியில் மஜ்ஜையில் குடியேறுகின்றன.

தாயின் வயிற்றுக்குள் மறைவாக நடக்கும் இந்த நிகழ்ச்சியை ஆராய 1981-இல் ஒரு வழி பிறந்தது. கேம்பிரிட்ஜில் எவன்ஸ், காஃப்மன் ஆகியோரும், சான் பிரான்சிஸ்கோவில் கெய்ல் மார்ட்டினும் சுண்டெலிக் கருவிலிருந்து கருக் குருத்துச் செல்களைப் பிரித்து வளர்த்தனர். இவை உடலின் எந்தச் செல்லாகவும் மாறும் திறன் உடையவை. அவற்றில் ஒரு ஜீனைக் கெடுத்துவிட்டு, என்ன நேர்கிறது என்று பார்க்க முடிந்தது. 1998-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் தாம்சன் குழுவினர் மனிதக் கருவிலிருந்தும் இத்தகைய செல்களை எடுத்தனர்.

நீக்கிப் பார்த்த சோதனைகள்

1995-இல் எஸ்.சி.எல். என்னும் ஜீன் இல்லாத சுண்டெலிக் கருக்கள் உருவாக்கப்பட்டன. அவற்றில் இரத்தமே தோன்றவில்லை. 1996-இல் ரன்க்ஸ்-1 என்னும் ஜீனை நீக்கினர். மஞ்சட்கருப் பையில் தொடக்க கால இரத்தம் தோன்றியது. ஆனால் கல்லீரலில் இரத்தம் உண்டாகவில்லை. கரு பன்னிரண்டாம் நாளை ஒட்டி இறந்தது. இவ்விரு ஜீன்களின் புரதங்களும் டி.என்.ஏ.யில் பிணைந்து பிற ஜீன்களை இயக்கவோ அடக்கவோ செய்பவை. இவற்றுக்குத்தான் 'தலைமை ஜீன்' என்ற பட்டம் சூட்டப்பட்டது.

இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். தேரின் அச்சாணியைக் கழற்றிவிட்டால் தேர் ஓடாது. அதனால் தேரை இழுப்பது அச்சாணிதான் என்று சொல்வோமா? ஒன்று இல்லாமல் வேலை நடக்காது என்பது வேறு. அந்த ஒன்றே வேலையை நடத்துகிறது என்பது வேறு. நீக்கிப் பார்க்கும் சோதனை முதலாவதை மட்டுமே நிறுவும்.

பின்னர் வந்த சோதனைகள் இதை நன்கு விளக்கின. 2003-இல், வளர்ந்த சுண்டெலியின் இரத்தக் குருத்துச் செல்களில் எஸ்.சி.எல். ஜீனை நீக்கியபோது, அவை குருத்துத் தன்மையை இழக்கவில்லை. 2009-இல், பெருந்தமனியின் உட்சுவர்ச் செல் இரத்தச் செல்லாக மாறும் தறுவாயில்தான் ரன்க்ஸ்-1 இன்றியமையாதது என்று கண்டனர். அந்த மாற்றம் முடிந்தபின் அதை நீக்கினாலும் குருத்துச் செல்கள் நிலைத்தன. ஆட்சி முழுவதும் நடத்தும் அரசனைப்போல அது இயங்கவில்லை. ஒரு வாயிலைக் கடக்கும்போது மட்டும் தேவைப்படும் திறவுகோலாக இருந்தது.

காட்டா-1 என்னும் ஜீனின் கதையும் இத்தகையதே. 'சிவப்பணுவின் தலைமை ஜீன்' என்று இதைப் பல நூல்கள் வருணிக்கின்றன. இந்த ஜீன் கெடுக்கப்பட்ட கருக் குருத்துச் செல்களை 1994-இல் கண்ணாடிக் கலத்தில் வளர்த்துப் பார்த்தனர். அவை சிவப்பணுப் பாதையில் இறங்கின. இளம் நிலை ஒன்றுவரை முன்னேறின. அங்கே முதிர முடியாமல் மாண்டன. அச்செல்களில் காட்டா-2 என்னும் உறவு ஜீனின் அளவு பன்மடங்கு உயர்ந்திருந்தது. ஆகவே, பாதையைத் தொடங்கிவைக்கக் காட்டா-1 இல்லாமலும் முடிந்தது.

எதிர்த்தரப்பு வாதம்

எதிர்த்தரப்பில் வலுவான சான்று ஒன்று உண்டு. அதை மறைப்பது நியாயமன்று. 1995-இல் ஜெர்மனியில் தாமஸ் கிராஃப் குழுவினர், கோழியின் வெள்ளணு மரபைச் சேர்ந்த செல்களில் காட்டா-1 ஜீனைப் புகுத்தினர். அச்செல்கள் தம் குணத்தை இழந்து, தட்டணு, சிவப்பணு போன்றவற்றின் இளம் செல்களைப்போல மாறின. இது கட்டளை அல்லாமல் வேறென்ன என்று நீங்கள் கேட்கலாம்.

ஆனால் அதே சோதனையின் மறுபாதியையும் படியுங்கள். காட்டா-1 மிகுதியாக இருந்தபோது தட்டணுப் பக்கம் சாய்ந்த அச்செல்கள், அது நடுத்தர அளவில் இருந்தபோது இயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்களாயின. ஒரே ஜீன், வெவ்வேறு அளவு, வெவ்வேறு விளைவு. ஒரே சொல்லுக்கு உரக்கச் சொன்னால் ஒரு பொருள், மெல்லச் சொன்னால் மற்றொரு பொருள் என்றால், பொருள் அந்தச் சொல்லில் மட்டும் இல்லை. கேட்கும் செல்லிலும் இருக்கிறது.

இதயம் தரும் சாட்சி

இன்னும் வியப்பானது 2009-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து வந்தது. இதயம் துடிக்காத மீன் கருக்களிலும் சுண்டெலிக் கருக்களிலும் இரத்தக் குருத்துச் செல்கள் குன்றியிருந்தன. கருக் குருத்துச் செல்களிலிருந்து வளர்த்த செல்களின்மேல் திரவத்தை ஓடவிட்டபோது, அந்த உராய்வினாலேயே ரன்க்ஸ்-1 ஜீனின் இயக்கம் உயர்ந்தது. அதாவது, 'தலைமை ஜீன்' என்று நாம் பட்டம் சூட்டிய ஒன்றை ஓடும் திரவம் தட்டி எழுப்புகிறது. இப்போது யார் தலைவர்? ஜீனா, இதயமா?

பொருத்தமான படம் எது?

பிரிட்டிஷ் உயிரியல் அறிஞர் வாடிங்டன் 1957-இல் வெளியிட்ட நூலில் இரண்டு படங்கள் உள்ளன. முதற் படத்தில் ஒரு மேட்டு நிலம். அதிலிருந்து கிளைகிளையாக இறங்கும் பள்ளத்தாக்குகள். உச்சியில் உருளக் காத்திருக்கும் ஒரு பந்து. பந்துதான் செல். இரண்டாம் படம் அந்நிலத்தின் அடிப்புறத்தைக் காட்டுகிறது. அங்கே தரையில் பல முளைக்குச்சிகள் அறையப்பட்டுள்ளன. அவற்றிலிருந்து குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் கயிறுகள் நிலத்தை இழுத்துப் பிடித்துப் பள்ளங்களை உண்டாக்குகின்றன. முளைகளே ஜீன்கள். ஒரு பள்ளத்தைப் பல முளைகள் சேர்ந்து இழுக்கின்றன. ஒரு முளை பல பள்ளங்களைத் தொடுகிறது.

முதற் படம் எங்கும் அச்சாகிறது. இரண்டாவது படத்தைக் காண்பது அரிது. மாணவர்கள் காண வேண்டியது இரண்டாவதைத்தான். அதிலும் ஒரு குறை உண்டு. அதன் முளைகள் அசைவதில்லை. செல்லுக்குள் உள்ள ஜீன்களோ, நாம் கண்டபடி, இதயத் துடிப்புக்கும் செவிசாய்க்கின்றன.

இதனால் யாருக்கு என்ன?

மருத்துவத்துக்கு இந்த வேறுபாடு மிகவும் தேவை. கருவில் உள்ள ஹீமோகுளோபினைப் பிறந்தபின் அடக்கிவைப்பதில் பி.சி.எல்.11-ஏ என்னும் ஜீனுக்குப் பங்கு உண்டு என்று 2008-இல் தெரியவந்தது. அந்த ஜீனை அப்படியே அழித்துவிட்டால் சிக்கில் செல் நோய்க்கு மருந்து ஆகாதா? ஆகாது. அந்த ஜீன் வேறு செல்களுக்கும் வேண்டும். எனவே, சிவப்பணு மரபில் மட்டும் அதை இயக்கும் ஒரு சிறு பகுதியை வெட்டினர். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்த ஜீன் சிகிச்சை இதுவே. இதில் மாற்றப்படுவது நோயாளியின் சொந்த இரத்தக் குருத்துச் செல். கருச் செல்லிலிருந்து செய்த இரத்தம் அன்று.

ஆய்வுக்கூடத்தில் இரத்தக் குருத்துச் செல்லைப் படைக்கும் முயற்சியும் இதே பாடத்தைத்தான் தருகிறது. 2017-இல் பாஸ்டனில், மனிதக் குருத்துச் செல்களிலிருந்து பெற்ற செல்களில் ஏழு ஜீன்களைச் சேர்த்து இயக்கவேண்டியிருந்தது. 2024-இல் மெல்போர்ன் விஞ்ஞானிகள் வெளியிலிருந்து எந்த ஜீனையும் புகுத்தவில்லை. வளர்ச்சிப் பொருள்களையும் வைட்டமின் 'ஏ' வகைப் பொருள் ஒன்றையும் உரிய நாளில், உரிய வரிசையில் கொடுத்தனர். அப்படி உருவான செல்கள் சுண்டெலியின் மஜ்ஜையில் தங்கிப் பலவகை இரத்த செல்களைத் தந்தன. இது சுண்டெலியில் நடந்த சோதனை என்பதை மறவாதீர்கள்.

ஆகவே அடுத்த முறை 'இரத்தத்தை ஆளும் ஜீன்' என்ற தலைப்பைக் கண்டால், வாசகர்களே, சில கேள்விகளைக் கேளுங்கள். அந்த ஜீனை நீக்கிப் பார்த்தார்களா, சேர்த்துப் பார்த்தார்களா? எந்தச் செல்லில், வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில், எவ்வளவு? கண்ணாடிக் கலத்திலா, சுண்டெலியிலா, மனிதரிலா? இவற்றுக்கு விடை சொல்லாத கட்டுரை எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், அதை நம்பி மருத்துவம் தேடி அலைய வேண்டாம். பணத்தைக் கட்டவும் வேண்டாம். விடை சொல்லும் கட்டுரை சற்றுக் கடினமாக இருந்தாலும் பொறுமையோடு படியுங்கள். நோயாளிக்கும் மாணவருக்கும் அதுவே உதவும்.