நரையும் கொடுமையும்: கிரிஸ்லி கரடியின் பெயர்கள்

முன்னுரை

மக்கள் வழங்கும் பெயரில் அச்சமும் விருப்பும் கலந்திருக்கும்; அறிவியற்பெயர் நடுநிலையானது என்பது பொதுக்கருத்து. வட அமெரிக்கக் கிரிஸ்லி கரடியின் பெயர்கள் இக்கருத்துக்கு மாறாக அமைந்துள்ளன.

பொதுப்பெயர்

ஆங்கிலத்தில் 'கிரிஸ்லி' என ஒலிக்கும் சொற்கள் இரண்டு. ஒன்று நரை கலந்தது என்றும், மற்றொன்று அச்சுறுத்துவது என்றும் பொருள்படும். இக்கரடியின் மயிர்நுனி வெளிறியிருப்பதால் முதற்பொருளே அதன் தோற்றத்தோடு இயைகிறது. நிறம் கரடிக்குக் கரடி வேறுபட்டமையால், லூயிஸ், கிளார்க் குழுவினர் இது ஓரினமா பலவா எனத் தடுமாறினர். 1806 மே மாதத்தில் நெஸ் பெர்ஸ் பழங்குடியினர் இதற்குத் தெளிவு தந்ததை லூயிஸ் பதிவுசெய்துள்ளார். அடிநிறம் எதுவாயினும் மயிர்நுனி வெளுத்தவை யாவும் 'ஹோஹோஸ்ட்' என்றனர். நீண்ட நகம், மரமேறாமை, மிகுந்த மூர்க்கம் ஆகியவற்றையும் கூறினர். இங்கு மூர்க்கம் பல அடையாளங்களுள் ஒன்று மட்டுமே.

அறிவியற்பெயர்

1758இல் லின்னேயஸ் பழுப்புக் கரடிக்கு இட்ட 'உர்சஸ் ஆர்க்டோஸ்' என்பதில் இலத்தீன், கிரேக்கம் ஆகிய இரு மொழிச் சொற்களும் கரடி என்றே பொருள்படும். 1815இல் ஜார்ஜ் ஓர்டு, பிறரின் பயண விவரணைகளைச் சார்ந்து, கிரிஸ்லிக்கு 'உர்சஸ் ஹாரிபிலிஸ்' எனப் பெயரிட்டார். நரை மறைந்தது, கொடுமை மட்டும் எஞ்சியது. 1918இல் மெரியம் வட அமெரிக்கப் பழுப்புக் கரடிகளை எண்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்தார். பிற்கால வகைப்பாடு அப்பிரிவுகளை ஏற்கவில்லை. கிரிஸ்லி பழுப்புக் கரடியின் துணையினமாயிற்று. நிறவேறுபாட்டை இனவேறுபாடாகக் கொள்ளாத பழங்குடியினரின் பார்வையே இம்முடிவுக்கு நெருக்கமானது. எனினும் 'ஹாரிபிலிஸ்' துணையினப் பெயராக நிலைத்தது. பொருத்தமின்மை காரணமாக ஒரு பெயரை நீக்க விலங்கியல் பெயரிடல் நெறி இடந்தருவதில்லை.

பெயரின் விளைவு

அலாஸ்கா நீங்கலான அமெரிக்க நிலப்பரப்பில் வேட்டையாலும் வாழிட இழப்பாலும் இக்கரடி பெரிதும் அருகியது. 1975இல் அங்கு அச்சுறுத்தலுக்குள்ளான உயிரினமாகப் பாதுகாப்புப் பெற்றது. பெயரே இவ்வழிவுக்குக் காரணம் என்பது மிகைக்கூற்று. ஆயினும், அழிக்கப்பட்டு வந்த விலங்கைக் கொடியது எனச் சுட்டிய பெயர், அழித்தோரின் மதிப்பீட்டுக்கு அறிவியல் மொழியில் இடந்தந்தது என்பதை மறுக்க இயலாது.

முடிவுரை

கலைச்சொல்லாக்கத்திலும் இவ்வேறுபாடு கருதத்தக்கது. 'கொடுங்கரடி' என்னும் ஆக்கம் ஓர்டின் மதிப்பீட்டைத் தமிழிலும் தொடரச் செய்யும். 'நரைமயிர்க் கரடி' என்பது கண்ணாற் கண்டதைக் கூறும். அறிவியற்பெயரை மாற்ற நெறி தடையாகலாம். தமிழ்ப்பெயரைத் தேர்வதற்கு அத்தடை இல்லை.