கயாலுக்கு ஒரு தமிழ்ப் பெயர்

விழுப்புரத்தில் வாழும் நம் நண்பர் ஒருவர், பணி ஓய்வுக்குப் பின் ஒரு பிரெஞ்சு நூலின் சில இயல்களைத் தமிழாக்கி வருகிறார். இளமையில் நாள்தோறும் இரயிலேறிப் புதுவைக்குச் சென்று படித்தவர். 1879இல் போடப்பட்ட அந்தக் கிளைப் பாதைக்கே தம் பிரெஞ்சு அறிவைக் கடன்பட்டிருப்பதாகச் சொல்லிச் சிரிப்பார். கையெழுத்துப் பிரதியுடன் அவர் திண்டிவனத்தில் நம் இல்லத்துக்கு வந்தால், அஸருக்குப் பின் தொடங்கும் பேச்சு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை ஓயாது. நூறு பக்கங்களுக்கு மேல் எழுதி முடித்துவிட்டார். முதற்பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. நூலுக்குத் தலைப்பு அமையவில்லை.

ஷைகுல் அக்பர் என்று போற்றப்படும் முஹ்யித்தீன் இப்னு அரபி (ரஹ்) அவர்களைப் பற்றி ஆன்ரி கொர்பேன் எழுதி, 1958இல் பாரிஸில் வெளிவந்த நூல் அது. அதன் பிரெஞ்சுத் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால், 'இப்னு அரபியின் சூஃபி நெறியில் படைக்கும் கற்பனை' என்று வரும். அலங்காரமில்லாத, கல்லூரி வாசனை வீசும் தலைப்பு. 1969இல் ரால்ஃப் மன்ஹைம் அதை ஆங்கிலமாக்கியபோதும் பெயரை மாற்றவில்லை. 'கிரியேட்டிவ் இமாஜினேஷன்' என்றே தொடங்கினார். கொர்பேன் 1978இல் மறைந்தார். அதன்பின் இருபது ஆண்டுகள் கழித்து, 1998இல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் அந்நூலைப் புதிய முன்னுரையுடன் மறுபடி வெளியிட்டபோது, அட்டையில் பெரிய எழுத்தில் நின்றது வேறு பெயர்: 'அலோன் வித் த அலோன்'. பழைய பெயர் துணைத் தலைப்பாக ஒதுங்கிக்கொண்டது. தகப்பன் மறைந்து இருபது ஆண்டுக்குப் பின் பிள்ளைக்குப் பெயர் மாற்றிய கதைதான்.

புதிய பெயர் அழகானது என்பதை மறுப்பதற்கில்லை. நான்கே சொற்கள், அவற்றுள் ஒன்று இருமுறை வருகிறது, படித்தவுடன் நெஞ்சில் தங்கிவிடுகிறது. கிரேக்க ஞானி பிளாட்டினஸ், ஆன்மா இறையை நாடுவதைத் தனித்ததொன்று தனித்ததொன்றை நோக்கிச் செல்வதாகச் சொன்ன புகழ்பெற்ற வாசகத்தின் எதிரொலி அது. நூலுக்குள் அந்தக் கருத்து இல்லையென்றும் சொல்ல முடியாது. ஒவ்வோர் அடியானுக்கும் தன் ரப்போடு வேறெவருக்கும் வாய்க்காத ஓர் உறவு உண்டு என்பதைக் கொர்பேன் திரும்பத் திரும்ப வற்புறுத்துகிறார். எனினும் நூலின் வழக்கு அதுவன்று. அரபியில் 'கயால்' எனப்படும் ஆற்றல் வெறும் மனமயக்கமா, அல்லது உண்மையைக் காட்டும் ஒரு கண்ணா என்பதே வழக்கு. கயால் ஒரு கண்தான் என்று நிலைநாட்டவே அவர் அத்தனை பக்கங்களையும் எழுதினார். சுருக்கப் பெயர் அந்த வழக்கையே மூடிவிட்டு, தனிமையின் இனிமையைக் கடை வாயிலில் தொங்கவிட்டது. கயாலைத் தேடி வருகிறவன் உள்ளே நுழைவதில்லை. ஏகாந்தத்தைத் தேடி நுழைகிறவனோ கயாலைக் கண்டு திகைக்கிறான்.

தலைப்புக்காக இவ்வளவு வாதமா என்று கேட்பவர் உளர். அவர்களுக்கு ஒரு பழைய செய்தியைச் சொல்வோம். மேற்சொன்ன பிளாட்டினஸின் எழுத்துகளில் ஒரு பகுதி ஒன்பதாம் நூற்றாண்டில், அல்கிந்தியின் வட்டத்தில், விளக்கத்தோடு கூடிய அரபி வடிவம் பெற்றது. அதன் மேல் விழுந்த பெயர் 'அரிஸ்டாட்டிலின் இறையியல்'. அந்தத் தவறான பெயரை நம்பியே இரு ஞானிகளின் கருத்தும் ஒன்றென நிறுவ முயன்றவர்கள் நம் மெய்யியலாரிடையே இருந்தார்கள். ஒரு நூலின் நெற்றியில் எழுதிய பிழை நூற்றாண்டுகளாகச் சிந்தனையின் போக்கை வளைத்தது.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊர்ப் பெயர்களே சாட்சி. 'விழு' என்றால் சிறந்தது. ஆங்கில எழுத்தில் ழகரம் நழுவி லகரம் இரட்டித்தபின், விழுப்புரம் வில்லின் ஊராகிவிட்டது! திந்திரிணி வனமே திண்டிவனமாயிற்று என்பர். புளியங்காடு என்று தமிழில் சொல்லியிருந்தால் பிள்ளைக்கும் புரிந்திருக்கும்.

மொழிபெயர்ப்பின் இடர் கொர்பேனுக்குப் புதிதன்று. ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹைடெக்கரை 1938இல் பிரெஞ்சுக்குக் கொண்டுவந்தவர் அவரே. அப்போது மூலத்தின் ஒரு முக்கியச் சொல்லுக்கு 'மனித மெய்மை' என்னும் பொருள்பட அவர் ஆக்கிய தொடர் பிற்காலத்தாரின் கடுங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அதனால்தானோ என்னவோ, கயால் என்னும் சொல்லிடம் வந்தபோது மிகவும் எச்சரிக்கையானார். பிரெஞ்சில் 'இமாஜினேர்' என்றால் இல்லாதது, பொய்யானது. ஆகவே 1964இல் எழுதிய கட்டுரையொன்றில் 'இமாஜினால்' என்னும் சொல்லை முன்வைத்தார். அறிவுலகுக்கும் புலனுலகுக்கும் இடையே நம் பெரியார்கள் கண்ட 'ஆலமுல் மிதால்' என்னும் உலகைப் பொய்யென்று நினையாதிருக்க அவர் கட்டிய வேலி அது.

அதே முள் தமிழிலும் இருக்கிறது. புலவனிடம் கற்பனை புகழ். வழக்குமன்றத்தில் கற்பனை பொய்ச்சாட்சி. 'படைக்கும் கற்பனை' என்று நூலின் முகப்பில் கண்டால், "ஷைகு அவர்கள் கண்டதெல்லாம் கற்பனையா?" என்றுதான் நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல இயலாது. கயால் என்றே விட்டுவிடலாமெனில், நம் வட்டாரத்தில் உருது பேசும் வீடுகளில் அது நினைப்பு, கவனம் என்ற அளவில் நின்றுவிட்டது. உடம்பைக் கவனித்துக்கொள் என்பதற்கும் கயால்தான்.

நண்பர் முதலில் ஆங்கிலத்தின் வழியே போனார். 'ஏகனோடு ஏகாந்தம்' என்று எழுதிக்கொண்டு வந்தார். காதுக்கு இனிமைதான். கீழக்கரை கல்வத்து நாயகத்தின் பெயரறிந்த நம் மக்களுக்கு ஏகாந்தத்தின் சிறப்பும் தெரியும். ஆயினும் நூலின் உயிர்ச்சொல் அதில் இல்லை. ஒரு திரைப்பாடலின் முதலடி போலவும் இருக்கிறது. 'தனியனோடு தனியன்' என்று மாற்றிப் பார்த்தார். கூட்டம் பிரிந்த ஒற்றை யானையின் நினைவு வந்தது!

அந்நிய மொழிச் சுருக்கத்துக்குத் தமிழ் கட்டுப்பட வேண்டியதில்லை என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. சார்த்தரின் நாடகம் ஒன்றுக்குப் பிரெஞ்சில் மூடிய கதவு என்று பெயர். மூடிய அறைக்குள் நடக்கும் நீதி விசாரணையையும் அத்தொடர் குறிக்கும். ஆங்கிலேயர் 'இன் கேமரா' என்று சட்டப் பொருளைப் பிடித்தார்கள். அமெரிக்கர் 'நோ எக்ஸிட்' என்று கதவைப் பிடித்தார்கள். வெ. ஸ்ரீராம் அவர்களோ இரண்டையும் விடுத்து 'மீள முடியுமா?' என்று கேட்டார். கதவும் இல்லை, மன்றமும் இல்லை. உள்ளே அகப்பட்டவர்களின் கேள்வி மட்டும் இருக்கிறது. மூலத்தை உள்வாங்கியவனுக்கே அந்தத் துணிவு வரும்.

நாம் முன்வைத்தது 'உருவெளி' என்னும் சொல். காதல் மிகுதியால், எதிரில் இல்லாதவரைக் கண்முன் காண்பதை நம் இலக்கண நூலார் உருவெளிப்பாடு என்றனர். மக்காவில் நிஜாம் என்னும் நங்கையைக் கண்டதிலிருந்து பிறந்த காதல் கவிதைகளுக்குத் 'தர்ஜுமானுல் அஷ்வாக்', அதாவது ஏக்கங்களின் மொழிபெயர்ப்பாளர், என்று பெயரிட்டவரன்றோ இப்னு அரபி (ரஹ்)! அவருக்கு அகத்துறைச் சொல் பொருந்தாமற் போகுமா? நண்பர் தலையசைக்கவில்லை. "பாய், சொல் நல்ல சொல்தான். ஆனால் இறைவனைப் பற்றிய நூலின் அட்டையில் 'உரு' என்று போட்டால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் பார்ப்பார்கள்?" என்றார். அவர் சொன்னது சரி. ஷைகு அவர்களின் கொள்கை இப்னு தைமிய்யா காலத்திலிருந்து கண்டனத்துக்குள்ளானது. இறைவனின் தாத் எவ்வுருவுக்கும் அப்பாற்பட்டது என்பதை அவரே வற்புறுத்தியிருந்தும் அந்த வாதம் தீர்ந்தபாடில்லை. தலைப்பே தீர்ப்பை எழுதிவிடலாகாது. நம் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். சற்று வருத்தத்தோடுதான்.

போன மாதம் விடைபெறும் வேளையில், செருப்பை மாட்டிக்கொண்டே நண்பர் நின்றார். ஜிப்ரீல் (அலை) அவர்கள் இஹ்ஸான் என்றால் என்னவென்று வினவியபோது, இறைவனைக் காண்பது போல வணங்குவது என்று நபிகள் நாயகம் (ஸல்) விடையளித்த ஹதீஸை நினைவூட்டினார். ஷைகு அவர்கள் கயாலுக்கு ஆதாரமாகக் கொள்வதும், கொர்பேன் வணக்கத்தைப் பற்றிப் பேசுமிடத்தில் எடுத்தாள்வதும் அதையே. "'காண்பது போல' என்று வைத்தால் என்ன?" என்றார்.

இரண்டே சொற்கள். கண்டேன் என்று சொல்லவில்லை. காணவில்லை என்றும் சொல்லவில்லை. பொய்யுக்கும் உருவுக்கும் இடம் தராமல் 'போல' என்னும் சிறு சொல் இடையில் நிற்கிறது. மதரஸாவுக்குப் போன பிள்ளையும் எங்கோ கேட்டதாயிற்றே என்று நிற்கும். பிரெஞ்சின் சொல்லோ ஆங்கிலத்தின் சொல்லோ அதில் ஒன்றுகூட இல்லை என்பார் சிலர். இருக்க வேண்டியதில்லை. கொர்பேன் எந்த வாசகத்தின் முன் அமர்ந்து எழுதினாரோ, அதன் முன்னேதான் நாமும் சிறு வயது முதல் அமர்ந்திருக்கிறோம்.

'போல' என்பதற்குப் பின் மூன்று புள்ளி வைக்கலாமா என்று நேற்றுக் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று பதில் எழுதியிருக்கிறோம்.