கணித, விஞ்ஞான ஆசிரியரும் இணைய வளங்களும்: ஒரு விமர்சன நோக்கு

விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்க இயலுமா என்ற வினா ஈழத்திற் புதியதன்று. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவ மிஷனரி சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தும், 1875இல் வெளிவந்த 'கெமிஸ்தம்' போன்ற நூல்களைத் தமிழிலே தந்தும் அவ்வினாவுக்குச் செயலால் விடையிறுத்தார். 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், அதனையொட்டி வளர்ந்த தாய்மொழிவழிக் கல்வியும் அவ்விடையைப் பொதுமக்களின் உரிமையாக மாற்றின. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகள் அவ்வுரிமைக்கு மொழி அடித்தளமாயின. இன்று அதே வினா வேறோர் உருவில் எம்முன் நிற்கிறது. கணித, விஞ்ஞான ஆசிரியருக்கு இணையத்தில் எண்ணற்ற வளங்கள் குவிந்துள்ளன. அவை எமது வகுப்பறையை எவ்வாறு வந்தடைகின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இத்துறையில் எழுதப்படுவன பெரும்பாலும் பட்டியல்களே. 'ஆசிரியருக்குப் பயன்படும் தளங்கள்' எனப் பத்தோ இருபதோ பெயர்கள் அடுக்கப்படுகின்றன. பயன் என்பது பொருளோடு பிறந்த குணமன்று. அது பயன்படுத்துவோரின் சமூக நிலைமைகளோடு பிணைந்தது. எனவே, யாருக்குப் பயன், எம்மொழியிற் பயன், எத்தகைய பாடசாலையிற் பயன் என்ற வினாக்களை எழுப்பாத பட்டியல் விமர்சனமாகாது.

முதலில், பரிசோதனைகளைத் திரையிற் போலச்செய்து காட்டும் நிரல்களை நோக்குவோம். இவற்றுட் சிறந்தது கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கப்பட்ட 'ஃபெட்' திட்டமாகும். 2001இல் பௌதிகவியலுக்கான நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன் இதனைத் தோற்றுவித்தார். நிரல்களைக் கட்டணமின்றித் தரவிறக்கி இணையத் தொடர்பின்றியும் இயக்கலாம். தன்னார்வலர் மொழிபெயர்க்கவும் வாய்ப்புண்டு. மின்சுற்று நிரலை எடுத்துக்கொள்வோம். மாணவர் மின்கலத்தையும் குமிழையும் கம்பியையும் தாமே இணைத்துச் சுற்றமைக்கின்றனர். கட்புலனாகா ஓட்டத்தைத் திரையிற் காண்கின்றனர். இலத்திரன்கள் நகரும் திசையையும், மரபுவழி ஓட்டத் திசையையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் வசதி அதிலுண்டு. இவ்விரு திசைகளும் எதிரெதிரானவை என்பது எமது மாணவரிற் பலர் மனப்பாடஞ் செய்தும் விளங்கிக்கொள்ளாத ஒன்று. கரும்பலகையில் வரைந்த அம்புக்குறி செய்ய முடியாததை இந்நிரல் செய்கிறது என்பதில் ஐயமில்லை.

ஆயின், இதன் எல்லையும் மனங்கொள்ளத்தக்கது. உண்மையான ஆய்வுகூடத்தில் இணைப்புத் தளர்கிறது, மின்கலம் சோர்கிறது, அம்பியர்மானியின் முள் நடுங்குகிறது. வாசிப்புகள் ஒன்றோடொன்று முரண்படும்போது அவற்றிலிருந்து உண்மையை வருவிக்கும் பயிற்சியே விஞ்ஞானப் பயிற்சி. திரையிலுள்ள உலகமோ சமன்பாட்டுக்குக் கீழ்ப்படிந்தே பிறந்த உலகம். நல்ல ஆய்வுகூடமுள்ள பாடசாலையில் இந்நிரல் துணையாகும். ஆய்வுகூடமே இல்லாத பாடசாலையில், அது இல்லாமைக்கான நியாயமாக மாற்றப்படும் அபாயம் உண்டு. மலையகத்திலும் வன்னியிலும் விஞ்ஞான ஆசிரியருக்கும் உபகரணங்களுக்கும் ஏங்கும் பாடசாலைகளுக்கு 'இணையத்தில் எல்லாம் உண்டு' எனக் கூறுவது, வளப் பங்கீட்டின் அநீதியைத் தொழினுட்பத்தால் மூடிமறைப்பதாகும்.

கணிதத்தில், மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் சல்ஸ்பேர்க்கில் உருவாக்கத் தொடங்கிய 'ஜியோஜீப்ரா' முதன்மையானது. வட்டத்தின் வில்லொன்று மையத்தில் எதிரமைக்கும் கோணம், அது பரிதியின் எஞ்சிய பகுதியில் எதிரமைக்கும் கோணத்தின் இருமடங்கு என்ற தேற்றத்தை இதிற் காட்டலாம். பரிதியிலுள்ள புள்ளியை நகர்த்த நகர்த்தக் கோணத்தின் பெறுமானம் மாறாதிருப்பது மாணவரை வியப்பிலாழ்த்தும். அவ்வியப்பு 'ஏன்?' என்ற வினாவாக மாறவேண்டும். நூறு நிலைகளிற் கண்டது நிறுவலாகாது. மையத்தினூடாக ஒரு கோட்டை வரைந்து, ஆரைகள் சமமாதலால் தோன்றும் இருசமபக்க முக்கோணிகளைக் கண்டு, புறக்கோணத்தின் வழியே முடிவை அடையும்போதே கணிதம் நிகழ்கிறது. கருவி அனுமானத்தைத் தூண்டுகிறது. நிறுவலுக்கு வழிகாட்டவேண்டியவர் ஆசிரியரே.

காணொளிப் பாடங்களின் நிலை இதனின் வேறானது. சல்மான் கானின் காணொளிகளிலிருந்து வளர்ந்து 2008இல் நிறுவனமான கான் அக்கடமி, எண்ணக்கருவைப் படிப்படியாக விளக்கும் முறையாற் புகழ்பெற்றது. மாணவர் தம் வேகத்திற் கற்கலாம் என்பது அதன் நன்மை. கேட்போர் குறுக்கிட்டு வினவ முடியாமை அதன் குறை. எமது நாட்டில் யூரியூப் வழியே பரவியுள்ள பாடங்களிற் பெரும்பகுதி கடந்தகால வினாத்தாள்களுக்கு விடை சொல்லும் தனியார் வகுப்பின் நீட்சியே. கட்டணஞ் செலுத்த இயலாத மாணவருக்கு அவை ஆறுதலளிப்பதை மறுக்கவில்லை. ஆயினும் பரீட்சையையே கல்வியாகக் கொள்ளும் மனப்பாங்கை அவை குலைக்கவில்லை, வலுப்படுத்துகின்றன.

இனி, எமது கவனத்துக்கு மிகவுரிய மொழிப் பிரச்சினைக்கு வருவோம். தமிழில் விஞ்ஞான வளந் தேடும் ஈழத்து ஆசிரியர் பெருமளவிற் கண்டடைவது தமிழ்நாட்டு ஆக்கங்களையே. 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த அங்குள்ள புதிய பாடநூல்களும், 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் உழைப்பும் தரமும் வாய்ந்தவை. ஆனால் இரு நாட்டுக் கலைச்சொற்களும் வெவ்வேறு வழிகளில் வளர்ந்தவை. நாம் ஒட்சிசன் என்பதை அவர்கள் ஆக்சிஜன் என்பர். எமது ஒளித்தொகுப்பு அங்கு ஒளிச்சேர்க்கை. எமது ஆர்முடுகல் அங்கு முடுக்கம். இவற்றை மாணவர் ஓரளவு ஊகித்துணர்வர். உண்மையான இடர் சொல் வேறுபடும் இடத்தில் அன்று, சொல் ஒன்றாயிருந்து பொருள் வேறுபடும் இடத்திலேயே தோன்றுகிறது.

எமது பாடநூல்களில் திணிவு என்பதன் அலகு கிலோகிராம். நிறை என்பது புவியீர்ப்பு விசை, அதன் அலகு நியூற்றன். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நிறை என்பதே கிலோகிராமில் அளக்கப்படுவது. விசையைக் குறிப்பது எடை. அதேபோன்று, நாம் கதி என்பதை அவர்கள் வேகம் என்பர். நாம் வேகம் என்பதை அவர்கள் திசைவேகம் என்பர். 'மாறா வேகத்துடன் வட்டப்பாதையிற் செல்லும் பொருளுக்கு முடுக்கம் உண்டு' என்ற வாக்கியம் அங்கு முற்றிலுஞ் சரியானது. எமது மாணவருக்கோ அது தன்னையே மறுக்கும் கூற்று. வேகம் மாறாதெனின் ஆர்முடுகல் எவ்வாறு உண்டாகும்? நியூற்றனின் இயக்க விதிகளின் வாயிலிலேயே மாணவர் இடறிவிழுவதற்கு இவ்விரு சொற்கள் போதும். இப்பிழைக்குப் புள்ளியிழப்பவர் மாணவர். காரணமோ அவரது அறியாமையன்று. தமிழுக்கு ஒரே சொற்றொகுதி வேண்டுமென உணர்ச்சிவசப்பட்டுக் கூறுவதால் இது தீராது. இரண்டு மரபுகளுக்கும் தனித்தனி வரலாறுண்டு. உடனடித் தேவை, அவற்றை அருகருகே வைத்துக் காட்டும் ஒப்பீட்டுச் சொல்லடைவாகும்.

உள்நாட்டு வளங்கள் இக்குறையை நிரப்புகின்றனவா? கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களும், தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கலைச்சொல், கலைத்திட்டம் இரண்டிலும் நம்பத்தக்கவை இவையே. ஆனால் அவை பெரும்பாலும் அச்சுநூலின் மின்வடிவங்கள். திரையின் தனித்த ஆற்றலைப் பயன்கொள்ளாதவை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துப் பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் பேணிவருகிறது. எமது விஞ்ஞானத் தமிழின் வரலாற்றை அறிய விரும்பும் ஆசிரியர் அதனை நாடவேண்டும்.

பௌதிக நிலைமைகளையும் மறத்தலாகாது. 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வி கைபேசியின் திரைக்குள் ஒடுங்கியது. வீட்டுக்கு ஒரு கைபேசியும் இல்லாதோர் வெளியே நின்றனர். 2022இன் நீண்ட மின்வெட்டுகள் மின்சாரத்தையே நம்பியிருக்க இயலாதெனக் காட்டின. 2020 இறுதியில் அடோபி நிறுவனம் பிளாஷ் தொழினுட்பத்துக்கான ஆதரவை நிறுத்தியதும், அதிலமைந்த கல்வி நிரல்கள் பல பயனற்றுப்போயின. பிறர் உடைமையான தளத்தின்மேல் எழுப்பிய வகுப்பறை, அவர்தம் ஒரு தீர்மானத்தாற் சரியக்கூடும்.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று புலனாகும். இணைய வளங்களை நிராகரிப்பது பிற்போக்கு. அவற்றை அப்படியே ஏற்பது நுகர்வு. கிறீன் காலத்திலும், சொற்றொகுதிகளின் காலத்திலும் தமிழர் விஞ்ஞானத்தை நுகர்ந்தோராக மட்டும் இருக்கவில்லை. மொழிபெயர்த்தனர், சொல்லாக்கினர், பாடநூல் யாத்தனர். அப்பணியின் தொடர்ச்சி இன்று மூன்று கடமைகளாக அமைகிறது. முதலாவது, ஈழ, தமிழகக் கலைச்சொற்களின் ஒப்பீட்டு அடைவு. இரண்டாவது, தெரிந்தெடுத்த நிரல்களை எமது கலைச்சொல்லிலே பெயர்த்து, இணையமில்லாப் பாடசாலைக்கும் எட்டுமாறு பிரதிசெய்து வழங்கல். மூன்றாவது, அவற்றை வகுப்பறையில் ஆண்ட ஆசிரியர் தம் அனுபவத்தை எழுத்திற் பகிர்தல். இவற்றைத் தனியொரு ஆசிரியரின் ஓய்வுநேர ஆர்வத்துக்கு விட்டுவிடல் தகாது. மொழிபெயர்ப்பையும் சொல்லாக்கத்தையும் ஆய்வுப்பணியாக மதித்து ஏற்பது பல்கலைக்கழகங்களின் பொறுப்பு. தமிழ்ச் சங்கங்கள் இலக்கியத்துக்கு அளிக்கும் இடத்தின் ஒரு பகுதியையேனும் இதற்கு அளித்தல் வேண்டும். கிலோகிராமுக்கும் நியூற்றனுக்கும் இடையே ஒரு சொல்லால் தடுமாறும் மாணவருக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச நியாயம் இதுவே.