மறுமுனையில் நின்ற கிற்றார்

அமெரிக்க ஃபங்க் கிற்றார்காரர் எடி ஹேசல் உயிரோடிருந்த காலத்தில் தன் பெயரில் வெளியிட்ட முழு அல்பம் ஒன்றே ஒன்றுதான்: 1977 இல் வோர்னர் பிரதர்ஸ் கொண்டுவந்த 'கேம், டேம்ஸ் அண்ட் கிற்றார் தாங்ஸ்'. ஏழு உருப்படிகள். ஏழாவது, முதற்பாடலின் சிறு மீள்வரவு. அன்று அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு அது பழைய இசைத்தட்டுத் தேடுவோர் நல்ல விலை கொடுத்துப் பிடிக்கிற பொருளாகிவிட்டது. 2004 இல் ரைனோ ஹேண்ட்மேட் அதைக் குறுந்தகடாக வெளியிட்டபோது ஹேசல் இறந்து பத்தாண்டுக்கு மேலாகியிருந்தது.

இந்த அல்பத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் குறை, இதில் இன்னொரு 'மாகட் பிரெய்ன்' இல்லை என்பதுதான். ஃபங்கடெலிக் குழுவின் 1971 அல்பத்தைத் தொடக்கிவைக்கும் அந்தப் பத்து நிமிடத் தனி வாசிப்பை ஒருமுறை கேட்டவர்கள் மறப்பதில்லை. உன் தாய் இறந்துவிட்டாள் என்று செய்தி வந்தால் எப்படி வாசிப்பாய், அப்படி வாசி என்று குழுத் தலைவர் ஜோர்ஜ் கிளின்டன் கேட்டுக்கொண்ட கதையும் பிரசித்தம். ஒலிக்கலவையில் மற்ற வாத்தியங்களைக் கிளின்டன் பெரும்பாலும் அடக்கிவிட்டார். பின்னால் மெல்லச் சுற்றிவரும் தந்தியொலிக்கு மேலே ஹேசல் தனியே அழுகிறார். அப்போது அவருக்கு வயது இருபது.

அதே அழுகையை எதிர்பார்த்து 1977 அல்பத்தைப் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆனால் எதிர்பார்ப்புத்தான் பிழை, வாசிப்பு அல்ல. கிரிக்கெட்டிலும் இப்படித்தான். 1996 மார்ச் 17, லாகூர் உலகக் கிண்ண இறுதியாட்டம் என்றதும் அரவிந்த டி சில்வாவின் ஆட்டமிழக்காத 107 தான் எல்லோர் வாயிலும் வரும். மறுமுனையில் நின்று அசங்க குருசிங்க எடுத்த 65 இல்லாமல் அந்த வெற்றி எப்படி அமைந்திருக்கும்? ஹேசல் தன் சொந்த அல்பத்திலேயே மறுமுனையில் நிற்கச் சம்மதித்தவர். அட்டையில் பெயர் அவருடையது. ஆனால் முன்னால் பெரும்பாலும் ஒலிப்பவை பின்னர் 'பிரைட்ஸ் ஒஃப் ஃபங்கன்ஸ்டைன்' எனப் புகழ்பெற்ற லின் மேப்ரி, டோன் சில்வா ஆகியோரின் குரல்கள். பூட்ஸி கொலின்ஸின் பேஸ், பெர்னி வொரலின் விசைப்பலகை, ஜெரோம் பிரெய்லியின் டிரம்ஸ் எல்லாம் தாராளமாக இடம் எடுத்துக்கொள்கின்றன.

ஃபங்க் கிற்றாரின் நுட்பம் வலக்கையில் இருக்கிறது. ஒரு தாளவட்டத்தைப் பதினாறாகப் பிரித்தால், கை பதினாறுக்கும் மேலும் கீழும் ஓயாமல் ஆடும். சுரம் எழுவது நாலைந்து இடத்தில்தான். மற்ற இடங்களில் இடக்கை விரல்கள் தந்தியை அழுத்தாமல் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். கேட்பது சுரமில்லாத ஒரு 'சக்'. அந்தச் 'சக்' எங்கே விழ வேண்டும் என்று தெரிந்தவன்தான் கெட்டிக்காரன். இது கொட்டாஞ்சேனைக்காரருக்குப் புதிதல்ல. கல்யாண வீட்டிலும் கோயில் திருநாளிலும் பைலா வாசிக்கும் குழுக்களில், தாளம் பிடிக்கும் கிற்றார்காரர் ஆறெட்டுக் கணக்கைத் தளரவிட்டால் ஆடுகிறவர்களின் கால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் நமக்குத் தந்த பொப்பிசையும் இந்த வலக்கையில்தான் நின்றது. பாடியவர்களின் பெயர் நிலைத்தது. பின்னால் வாசித்தவர்களில் எத்தனை பேரை நாம் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்? வெள்ளவத்தையில் 'இளைய நிலா' தெரியாத வீடு இருக்காது. 1982 இல் வந்த அந்தப் பாட்டின் கிற்றாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்பது எத்தனை வீட்டுக்குத் தெரியும்? எனக்கு இது நெடுநாள் மனக்குறை.

ஹேசலின் கதையில் இந்தப் பெயர்மறைவு இன்னும் கடுமையானது. 1950 இல் புரூக்ளினில் பிறந்தவர். நியூயோர்க்கின் போதையும் குற்றமும் மகனைத் தொடக்கூடாது என்று தாய் கிரேஸ் குக் நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஃபீல்டுக்குக் குடிபெயர்ந்தார். அதே ஊரில்தான் கிளின்டனின் முடிதிருத்தகம் இருந்தது. 1967 இல் கிளின்டனின் குழுவிலிருந்த பில்லி நெல்சன் ஹேசலைக் குழுவுக்கு அழைத்தபோது அவருக்கு வயது பதினேழு. தாய் முதலில் சம்மதிக்கவில்லை. வற்புறுத்திக் கேட்டுத்தான் அழைத்துப்போனார்கள். 1974 இல் வெளியான 'ஸ்டாண்டிங் ஒன் த வேர்ஜ் ஒஃப் கெட்டிங் இட் ஒன்' அல்பத்தின் பாடல்களில் அவர் பங்கு பெரிது. ஒப்பந்தச் சிக்கலால் அந்த அட்டையில் எழுதியவர் பெயராக அச்சானது கிரேஸ் குக், அதாவது தாயின் பெயர். அதே ஆண்டு விமானத்தில் போதையில் நடந்த கைகலப்புக்காக வழக்கு, சிறை. அவர் இடத்துக்கு மைக்கல் ஹாம்ப்டன் என்ற பதினேழு வயதுப் பையன் வந்தான். டெம்ப்டேஷன்ஸ் குழுவின் 1975 வெற்றிப்பாடல் 'ஷேக்கி கிரவுண்ட்' ஹேசலும் சேர்ந்து எழுதியது. அதைப் பாடியவர்களை உலகம் அறியும்.

இனி அல்பத்துக்கு வருவோம். 'கலிஃபோர்னியா ட்ரீமின்' 1965 இல் மாமாஸ் அண்ட் பாப்பாஸ் பாடியது. ஹேசல் அதன் வேகத்தைக் குறைத்துக் குரல்களுக்கு இடைவெளி விடுகிறார். ஒவ்வொரு இடைவெளியிலும் கிற்றார் ஒரு சிறு பதில் சொல்லிவிட்டு ஒதுங்குகிறது. பீட்டில்ஸின் 'ஐ வோண்ட் யூ' ஒன்பது நிமிடத்தைத் தாண்டி ஓடுகிறது, மூலத்தைவிட நீளம். வா-வா பெடலைக் காலால் மெல்ல ஏற்றி இறக்கும்போது ஒரே சுரம் மூடிய வாயிலிருந்து திறந்த வாய்க்குப் போவதுபோல் மாறுகிறது. 'மாகட் பிரெய்ன்' வாசித்த கைதான் இது என்பது இங்கே தெரிகிறது. ஆனால் இம்முறை டிரம்ஸும் பேஸும் அடங்கிப்போகவில்லை. அவற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டே அவர் மேலே ஏறுகிறார். எனக்கு இது கூடுதல் கடினமான வேலையாகவே படுகிறது.

'ஃபிசிக்கல் லவ்' பூட்ஸியின் 1976 அல்பத்தில் ஏற்கெனவே வந்தது. இங்கே அது புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. 'ஃப்ரான்டிக் மோமன்ட்' நல்ல பாட்டு, ஆனால் கிளின்டனின் எந்தக் குழுவும் வாசித்திருக்கக்கூடியது. குறை சொல்வதென்றால் இவற்றைச் சொல்லலாம்.

ஆறாவதாக வரும் 'வட் எபௌட் இட்' நான்கு நிமிடம்கூட இல்லை. அல்பத்தின் உச்சம் அதுதான் என்பேன். வலக்கையின் 'சக்', பெடலின் வாய், மேலே பாய்ந்து கீழே விழும் தனி வாசிப்பு மூன்றும் ஒன்றாக இறுகி வரும் இடம் அது. ஹேசல் 1992 டிசெம்பர் 23 இல், 42 வயதில், ஈரல் செயலிழந்து இறந்தார். அவருடைய இறுதிச் சடங்கில் ஒலித்தது 'மாகட் பிரெய்ன்'. அதைக் கேட்டுப் பழகியவர்கள் அடுத்ததாக 'வட் எபௌட் இட்' பாட்டைக் கேளுங்கள். முதற்தடவை தனி வாசிப்பை விட்டுவிட்டு, அதன் அடியில் ஓடும் தாளக் கிற்றாரை மட்டும் பின்தொடருங்கள்.