வழிகாட்டும் பையனுக்குப் பெயர் இல்லை

“அண்ணா, அந்தப் பையன் பேரு என்ன?”

ஏற்காட்டில் பேருந்தை விட்டு இறங்கி, காப்பித் தோட்டங்களைத் தாண்டி நடந்தால் வருகிற ஒரு மலைக்கிராமம் அது. மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே பை நிறைய சிறுவர் புத்தகங்களோடு போவேன். அன்று வாசித்தது ஒரு சாகசக் கதை. நகரத்துப் பிள்ளைகள் மூன்று பேர் கோடை விடுமுறைக்கு மலைக்கு வருகிறார்கள். காட்டில் வழி தவறிவிடுகிறார்கள். மலைவாழ் சிறுவன் ஒருவன் வந்து வழி காட்டுகிறான். எல்லாரும் பத்திரமாக வீடு திரும்புகிறார்கள்.

கேட்டவள் நாலாம் வகுப்பு படிப்பவள். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். மூன்று பிள்ளைகளுக்கும் பெயர் இருந்தது. அவர்கள் வீட்டு நாய்க்கும் இருந்தது. அவனுக்கு மட்டும் இல்லை.

அடுத்த கேள்வியையும் அவளே கேட்டாள். “அவன் எதுக்கு அந்த நேரத்துல காட்டுக்குப் போனான்?” அதற்கும் புத்தகத்தில் பதில் கிடையாது. பிள்ளைகளே ஆளாளுக்குச் சொன்னார்கள்: மாடு தேடப் போயிருப்பான், மிளகு பறிக்கிற அப்பாவுக்குச் சோறு கொண்டு போயிருப்பான். ஒரு நாவலை இப்படி இரண்டே கேள்வியில் பிரித்துப்போட்ட விமர்சனத்தை நான் சமீபத்தில் எங்கேயும் படிக்கவில்லை.

புத்தகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சிக்கல் அந்த ஒரு புத்தகத்தோடு நிற்பதாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

தமிழில் சிறார் இலக்கியம் இன்று சோர்ந்து கிடக்கவில்லை. குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைக் குழந்தைகளிடமே பேசுகிற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020-க்கான பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. கீழடியைக் கதையாக்கிய உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023-ல் அதே விருதைப் பெற்றது. நீதிக்கதைக்கு வெளியே வர நம் எழுத்தாளர்களுக்குத் தெரியும். எதைப் பற்றி எழுதலாம் என்கிற எல்லை விரிந்திருக்கிறது. யாருடைய கண் வழியாகப் பார்க்கிறோம் என்பதுதான் அந்த அளவுக்கு மாறவில்லை.

அமெரிக்கக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-ல் ஒரு கட்டுரை எழுதினார். புத்தகம் குழந்தைக்கு ஜன்னலாகவும் இருக்க வேண்டும், கண்ணாடியாகவும் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஜன்னல் வழியே அடுத்தவர் வாழ்க்கை தெரியும். கண்ணாடியில் தன் முகம் தெரியும். நாம் எழுதுகிற மலைக்கதைகள் பெரும்பாலும் ஜன்னல்கள்தான். அதிலும் சுற்றுலா வேனின் ஜன்னல். மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா, மலர்க்கண்காட்சி. அதே மே மாதத்தில்தான் மலையாளிப் பழங்குடிகள் சேர்வராயன் கோயில் திருவிழாவும் எடுக்கிறார்கள். கதைக்குள் வருவது முதலாவது மட்டும்.

எழுத்தாளர்களை மட்டும் குறை சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அந்தப் புத்தகத்தைப் பைக்குள் வைத்தவன் நான். அட்டையில் மலை இருந்தது, மலைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று எடுத்தேன். உள்ளே படிக்காமல் எடுத்தேன். நூலகம் என்பது புத்தகத்தைக் கொண்டு போய்ச் சேர்ப்பதோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் தன் ஐந்து நூலக விதிகளை 1931-ல் புத்தகமாக வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் கிளம்பியது. விதியும் வண்டியும் ஒரே வருஷம். அந்த விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் வேண்டும் என்கிறது. வண்டி கிராமத்துக்குள் வந்துவிட்டால் பாதி வேலைதான் முடிகிறது. வண்டிக்குள் என்ன இருக்கிறது என்பது மீதிப் பாதி.

2023-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்களை எனக்குப் பிடித்ததற்கு இதுவும் காரணம். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். ஒரு குழந்தை தானாக எடுத்து, தானாகவே முடித்துவிட முடிகிற அளவு. விருது நாவலைத் தொடத் தயங்குகிற பிள்ளை இதை முடித்துவிட்டு “இன்னொண்ணு குடுங்க” என்று கேட்கிறது. அந்த இன்னொன்றில் அதன் ஊர் இருக்க வேண்டாமா?

1948-ல் வந்த மெட்ராஸ் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அந்த வரி கட்டுகிறவர்களில் மலையில் இருப்பவர்களும் உண்டு. அவர்கள் பிள்ளைகளின் கதை நூலகத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பதில் சலுகை எதுவும் இல்லை. அந்தக் கதையை எழுத வேண்டியவர்களும் ஒருவேளை அங்கேதான் இப்போது நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிளம்பும்போது அவள் பென்சிலோடு வந்தாள். “நான் பேரு எழுதிக்கட்டுமா?” நூலகப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்பது நானே போட்ட விதி. கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்றேன். வழிகாட்டும் பையன் வருகிற பக்கத்தின் ஓரத்தில் தன் தம்பி பெயரை எழுதினாள். புத்தகம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. அழிக்கவில்லை.